செம்புப் புத்தர் கறுத்தால், பச்சை பூத்தால், ஆடினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தியான அறையில் வைத்த செம்புப் புத்தர் சில மாதங்களில் கறுத்துப்போகிறார். இல்லையென்றால் மடியில் பச்சையாக ஏதோ பூக்கிறது, பீடத்தின் ஓரத்தில் துரு தெரிகிறது, லேசாகக் கை பட்டாலே சிலை ஆடுகிறது. இதில் எது கண்ணில் பட்டாலும் நம் கை முதலில் போவது எலுமிச்சைக்கும் பாத்திரம் துலக்கும் பொடிக்கும்தான். பாத்திரத்துக்கு அது சரி. சிலைக்கு வரும் சேதங்களில் பெரியது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

நான் வாங்கிய முதல் சிலை அடர்ந்த பழுப்பு நிறம். சீவரத்தின் (துறவாடையின்) மடிப்புகளிலும் இமைகளுக்குக் கீழேயும் இன்னும் கொஞ்சம் கறுப்பு. அழுக்கு என்று நினைத்துப் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் சிலை முழுக்க இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. இமை இருந்த இடம் தெரியவில்லை, உதட்டுக் கோடு தெரியவில்லை. அந்தக் கறுப்பு, சிற்பி சூடு காட்டியும் ரசாயனம் பூசியும் வேண்டுமென்றே ஏற்றிய நிறம். முகத்தில் இருந்த அமைதியில் பாதி அந்த நிழலால் வந்தது என்பது அது போன பிறகுதான் புரிந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறேன்: முதலில் பார்ப்பது, பிறகு சிலை இருக்கும் இடத்தைச் சரிசெய்வது, கடைசியாகத்தான் சிலையைத் தொடுவது. கீழே உள்ள எல்லாமே அந்த வரிசையில்தான் போகும்.

முதலில்: கையில் இருப்பது என்ன?

"செம்புச் சிலை" என்று சொல்லப்படும் எல்லாமே செம்பு அல்ல. தூய செம்பை வார்ப்பது கடினம். 1085 டிகிரி செல்சியசில்தான் உருகும், உருகிய நிலையில் காற்றை உறிஞ்சி உள்ளே குமிழி விடும், அச்சின் நுண்ணிய மூலைகளுக்குள் எளிதில் ஓடாது. அதனால் வெள்ளீயம் சேர்த்த வெண்கலத்திலோ துத்தநாகம் சேர்த்த பித்தளையிலோ வார்த்து, மேலே செம்பு நிறம் ஏற்றுவது வழக்கம். இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். செம்புப் பொடி கலந்த ரெசின் (செயற்கைப் பிசின்) சிலையும் உண்டு, துத்தநாக வார்ப்பின் மேல் செம்பு மின்முலாம் பூசியதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் சிகிச்சை வேறு வேறு.

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. ஒட்டாவிட்டால் செம்பு என்று முடிவு கட்ட வேண்டாம். ரெசினிலும் துத்தநாகத்திலும்கூடக் காந்தம் ஒட்டாது. அடுத்து விரல் நகத்தால் பீடத்தைத் தட்டுங்கள். உலோக வார்ப்பு கணீரென்றோ குறைந்தபட்சம் தெளிவாகவோ ஒலிக்கும், ரெசின் 'தொப்' என்று அடங்கிப்போகும். அப்புறம் சிலையைக் கவனமாகப் படுக்கவைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே வெற்றிடமா, வார்ப்பின்போது உள்ளே வைத்த களிமண் கரு ஒட்டியிருக்கிறதா, தகடு வைத்து அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முலாம் என்றால் அடி விளிம்பில், தேய்ந்த இடத்தில், சாம்பல் வெள்ளையாக வேறு உலோகம் எட்டிப்பார்க்கும். எடையை மட்டும் நம்ப வேண்டாம். செம்பு தண்ணீரைவிட ஏறத்தாழ 9 மடங்கு அடர்த்தியானது என்றாலும், உள்கூடாக வார்த்த நல்ல சிலை எடை குறைவாகத்தான் இருக்கும்.

உலோகம் தெரிந்த பிறகு அதன் மேல்தோல் தெரிய வேண்டும். வெறும் செம்பா, நிறம் ஏற்றியதா, லாக்கர் (கண்ணாடி போன்ற காப்புப் பூச்சு) பூசியதா, பொன்முலாமோ வண்ணமோ உள்ளதா? லாக்கர் இருக்கிறதா என்று பார்க்க, காது குடையும் பஞ்சுக் குச்சியில் அசிட்டோனை (பூச்சுகளைக் கரைக்கும் திரவத்தை) தொட்டு அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளியில் வையுங்கள். பிசுபிசுப்பாக இளகினால் லாக்கர். இமயமலைப் பகுதி மரபில் செய்த சிலைகளில் முகத்துக்குப் பொன்தூளைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள், கூந்தலுக்கு நீலம் தீட்டியிருப்பார்கள். அந்த முகத்தில் அசிட்டோன் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். ஈரத் துணி ஒரு முறை பட்டாலே பொன் துணியோடு வந்துவிடும்.

அறிகுறி: சிலை முழுக்கச் சீராக மங்கிக் கறுத்துவிட்டது

இது நோய் இல்லை. புதுச் செம்பு முதலில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்த பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்துக்கொள்ளும். காலம் போகப்போக, காற்றில் கந்தகம் கலந்த வாயுக்கள் கொஞ்சம் இருந்தால் இன்னும் விரைவாக, அது கறுப்பை நோக்கி நகரும். இந்தப் படலம் கீழே உள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பில் வரும் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே அரிக்கும்; செம்பின் படலம் ஒட்டிக்கொண்டு அரிப்பைத் தாமதப்படுத்தும். 1861இல் பீகாரின் சுல்தான்கஞ்சில் ரயில் பாதை போடும்போது கிடைத்த புத்தர் செம்பில் வார்த்தவர், 2 மீட்டருக்கு மேல் உயரம், 500 கிலோவுக்கு மேல் எடை. இன்று பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சிலைக்கு 1,300 ஆண்டுகளுக்குக் குறையாத வயது. செம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரிந்த உலோகம்.

ஆகவே சீரான கறுப்பு வந்தால் மென்மையான உலர் பிரஷ்ஷால் தூசி தட்டிவிட்டு அப்படியே விடுங்கள். நிறம் இதே நிலையில் நிற்க வேண்டும் என்றால் நுண்படிக மெழுகு பூசலாம். அருங்காட்சியகங்களில் உலோகப் பொருட்களுக்குப் பூசுவதும் இந்த வகை மெழுகுதான். தலை உலர்த்தும் கருவியால் சிலையை வெதுவெதுப்பாக்கி ஈரத்தைப் போக்குங்கள். செம்பு சூட்டை விரைவாகக் கடத்தும் என்பதால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மிக மெல்லிதாக மெழுகைத் தடவி, சிறிது நேரம் விட்டு, பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். தேன்மெழுகை நான் தவிர்க்கிறேன், அதில் இயல்பாகவே கொழுப்பு அமிலம் உண்டு. எண்ணெய் தடவும் யோசனையையும் விட்டுவிடுங்கள். ஏன் என்று பச்சை பற்றிய பகுதியில் தெரியும்.

புதுச் செம்பின் பளபளப்புதான் உங்களுக்குப் பிடிக்கும், சிலையும் வெறும் செம்புதான், நிறம் ஏற்றியது இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மெருகேற்றலாம், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு மெருகும் ஒரு நுண்ணிய அடுக்கு உலோகத்தை எடுத்துவிட்டுத்தான் போகும். மூக்கு நுனி, விரல் நுனி, சுருள்முடி ஆகியவைதான் முதலில் மழுங்கும். ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். மெருகேற்றியதும் மெழுகு பூசிவிட்டால் அடுத்த தடவையைத் தள்ளிப்போடலாம்.

அறிகுறி: அங்கங்கே விரல் ரேகை போலக் கறுப்பு

விரல் ரேகை போல அல்ல, விரல் ரேகையேதான். வியர்வையிலுள்ள உப்பும் தோலின் எண்ணெயும் செம்பில் பட்ட சில நாட்களில் ரேகை பதிந்துவிடும். தியானத்துக்கு முன் தோளையோ கையையோ தொடும் பழக்கம் இருந்தால் எப்போதும் அதே இடத்தில் வரும். பஞ்சில் தூய ஆல்கஹாலைத் தொட்டு மெல்லத் துடைத்தால் புதுக் கறை போய்விடும். ஆனால் லாக்கர், வண்ணம், பொன்பூச்சு உள்ள இடத்தில் ஆல்கஹால் கூடாது. பழைய கறை உலோகத்தில் ஏறிவிட்டிருந்தால் போகாது. சுற்றியுள்ள பகுதி கறுத்து அதோடு சமனாகும்வரை பொறுத்திருப்பதுதான் நல்லது. இனிமேல் தூக்கும்போது பருத்திக் கையுறை போடுங்கள். கழுத்தையோ கையையோ பிடித்துத் தூக்காமல் பீடத்தின் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

சிலையைத் தொட்ட கையில் உலோக வாடை வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அது உங்கள் தோலின் எண்ணெய் உலோகத்தோடு வினைபுரிந்து எழும் வாடை. சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்.

அறிகுறி: பளபளப்பான சிலையில் சிலந்தி வலை போலக் கறுப்புக் கோடுகள், வட்டங்கள்

லாக்கர் விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே போய், பூச்சுக்கு அடியில் செம்பு கறுக்கிறது. மேலே என்ன தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் கறுப்பு கண்ணாடி போன்ற ஒரு படலத்துக்குக் கீழே இருக்கிறது. வழி இரண்டே: அப்படியே விடுவது, அல்லது முழு லாக்கரையும் அசிட்டோனால் நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. அரைகுறையாக ஒரு தோளில் மட்டும் நீக்கினால் எல்லை தெரிந்து இன்னும் அசிங்கமாகும்.

நீக்குவதென்றால் நல்ல காற்றோட்டம் வேண்டும். பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ எரியக் கூடாது, அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். நீக்கிய பின் புதிய லாக்கருக்குப் பதிலாக மெழுகு போதும் என்பது என் எண்ணம். வெளியில் நிற்கும் சிலைக்கு லாக்கர் தேவைப்படலாம். வீட்டுக்குள் இருக்கும் சிலைக்கு, பழுதானால் எளிதில் எடுத்துவிட்டு மறுபடி பூசக்கூடிய காப்பே நல்லது.

அறிகுறி: பச்சை

இதுதான் அதிகம் பேரைப் பயமுறுத்துவது, அதிகம் தவறு நடப்பதும் இதில்தான். தமிழில் இதற்குக் களிம்பு என்று அழகான பெயர் இருக்கிறது. செம்பும் களிம்பும் பிறப்பிலேயே சேர்ந்தவை என்று சொல்லி, உயிரோடு கலந்த ஆணவ மலத்துக்கு உவமை காட்டும் சைவ சித்தாந்தம். வேதியியல் கண்ணால் பார்த்தால் களிம்பு வெளியிலிருந்து வருவது: காற்று, ஈரம், உப்பு, எண்ணெய். வெளியிலிருந்து வருவதால்தான் நம்மால் ஏதாவது செய்ய முடிகிறது. பச்சையில் மூன்று வகை உண்டு. எது என்று தெரியாமல் கை வைக்க வேண்டாம். கூரான உலோகம் வேண்டாம், பல் குத்தும் மரக்குச்சி ஒன்றும் நல்ல வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் போதும்.

குச்சியால் தொட்டால் நகராமல், வழவழப்பாக, கெட்டியாக, பெரிய பரப்பில் ஒரே மாதிரி இருந்தால் அது அமைதியான பச்சை. ஜப்பானின் காமகுராவில் 13ஆம் நூற்றாண்டில் வார்த்து, பல நூற்றாண்டுகளாகத் திறந்தவெளியில் அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தரின் மேனியில் காண்பது போன்றது. சிலை பழையது என்றால் இதுவே அதன் தோல். புதுச் சிலை என்றால் சிற்பியே ஏற்றியிருக்கலாம். தொட வேண்டாம்.

குச்சியில் பிசினைப் போல ஒட்டிக்கொண்டு வந்தால், கரும்பச்சையாக, மடிப்புகளிலும் விரல் இடுக்குகளிலும் மட்டும் இருந்தால் அது எண்ணெய்ப் பச்சை. விளக்கின் எண்ணெய் தெறித்தோ, மெழுகுத்திரி வழிந்தோ, பளபளக்கட்டும் என்று யாரோ எண்ணெய் தடவியோ வந்தது. எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாறிவிடுகிறது, அதன் நிறம்தான் இந்தப் பச்சை. ஆபத்து குறைவு, ஆனால் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மெதுவாகத் தின்னவும் செய்யும். பூச்சு இல்லாத சிலை என்றால் மரக்குச்சியால் வழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ நனைத்த பஞ்சுக் குச்சியால் உருட்டி உருட்டி எடுங்கள். தேய்க்காமல் உருட்டினால் பக்கத்திலுள்ள நிறம் தப்பும். விளக்கைத் தள்ளிவைக்காவிட்டால் ஒரு மாதத்தில் அதே இடத்துக்கு அதே பச்சை திரும்பி வரும்.

மூன்றாவது வகைதான் கவலைக்குரியது. வெளிர்பச்சையாக, திருநீறு தூவியது போல உதிரும் பொடி, சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். குச்சி பட்டதும் உதிர்ந்துவிடும், அடியில் ஒரு சிறு குழி தெரியும். சுத்தம் செய்த சில நாட்களில் அதே குழியில் மறுபடி பூக்கும். பொருட்களைப் பாதுகாப்பவர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். பெயர் வெண்கலம் என்றாலும் செம்புக்கும் வரும். உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு உப்பு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து பச்சைப் பொடியையும் அமிலத்தையும் உண்டாக்குகிறது. அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடை உண்டாக்குகிறது. வட்டம் நிற்காது. மண்ணுக்கடியில் கிடந்த பழஞ்சிலைக்குத்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். பழையது போலத் தோன்ற வேண்டும் என்று குளோரைடு உப்புகளால் பச்சை ஏற்றி, சரியாகக் கழுவாமல் விட்ட புதுச் சிலையிலும் பார்க்கலாம். கடல் காற்று படும் வீட்டிலும் எச்சரிக்கை தேவை.

சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். முகமூடி அணிந்துகொண்டு, பொடியை மரக்குச்சியாலும் சிறு பிரஷ்ஷாலும் எடுத்துவிடுங்கள். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. ஒவ்வொரு புள்ளியையும் அருகில் வைத்துப் படம் எடுங்கள். சிலையின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டு வாரம் விடுங்கள். தாளில் புதுப் பொடி விழுந்திருந்தாலோ, படத்தில் காலியாக இருந்த குழி மறுபடி நிறைந்திருந்தாலோ நோய் உறுதி. மூடிய பெட்டிக்குள் ஈரப் பஞ்சோடு ஒரு நாள் வைத்து விரைவாகப் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் அது நோய்க்குத் தீனி போட்டுச் சோதிப்பது என்பதால் வீட்டில் நான் செய்வதில்லை.

உறுதியானால் முதல் மருந்து வறட்சி. காற்று மூடும் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலை, சுற்றிலும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சிறிய ஈரப்பதமானி. உள்ளே ஈரப்பதம் 40%க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் வினை பெரிதும் அடங்கிவிடும். 35% இன்னும் நல்லது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மறுபடி வைக்கலாம். மற்றச் செம்புப் பொருட்களிலிருந்து நோயாளியைத் தள்ளிவைப்பதிலும் தவறில்லை, உதிரும் பொடியிலும் குளோரைடு இருக்கும். இதற்கு மேல் உள்ள சிகிச்சை, அதாவது வாரக்கணக்கில் காரக் கரைசலில் ஊறவைத்துக் குளோரைடை இழுப்பது, பென்சோட்ரையசோல் என்ற அரிப்புத் தடுப்பு ரசாயனம் கொண்டு உலோகத்தை அடக்குவது எல்லாம் உலோகப் பாதுகாப்பு நிபுணரின் வேலை. ரசாயனம் நச்சு என்பது ஒரு காரணம். உள்ளே களிமண் கருவும் மேலே வண்ணமும் இருக்கும் சிலையை ஊறவைத்தால் நோயைவிட மருந்து பெரிய கேடாகும் என்பது இன்னொன்று.

மூன்று வகைக்கும் ஒரே எச்சரிக்கை: எலுமிச்சை, வினிகர், புளி, உப்பு எதுவும் வேண்டாம். உப்பும் புளிப்பும் கலந்து தேய்ப்பது பளிச்சென்ற பலன் தரும். அதே நேரம் மூன்றாவது வகைப் பச்சைக்கு வேண்டிய குளோரைடை நம் கையாலேயே குழிகளுக்குள் ஊட்டிவிடும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் கூடாது, அமோனியா செம்பைக் கரைக்கும்.

அறிகுறி: புளிப்பால் துலக்கிவிட்டேன், இப்போது திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பு

எனக்கு நடந்தது. அமிலம் மிச்சம் இருந்தால் மறுபடி அரிக்கும் என்பதால், பூச்சும் களிமண் கருவும் இல்லாத சிலையைக் காய்ச்சி வடித்த நீரால் பல முறை அலசி, உடனே வெதுவெதுப்பாக உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும் என்பதால் கடைசி அலசலுக்கு அது வேண்டாம். அதன் பிறகு மெழுகு பூச வேண்டாம், காற்றுப் படட்டும். பல மாதங்களில் படலம் தானாக மீண்டும் கூடிவரும். சிற்பி ஏற்றிய அதே ஆழம் வராது. அது வேண்டும் என்றால் உலோகத்துக்கு நிறம் ஏற்றத் தெரிந்த கைவினைஞரிடம்தான் கொடுக்க வேண்டும். இன்னொரு ரசாயனத்தைத் தடவி வீட்டிலேயே கறுப்பாக்கும் முயற்சி, முகத்தில் ஒரு நிறமும் முதுகில் ஒரு நிறமுமாக முடியும்.

அறிகுறி: மடிப்புகளில் வெள்ளை

பெரும்பாலும் பழைய பாலிஷ் காய்ந்து சுண்ணாம்பு போல நிற்பது. உலர்ந்த மென்பிரஷ்ஷும் மரக்குச்சியும் போதும், போகாவிட்டால் ஆல்கஹால் தொட்ட பஞ்சு. சமீபத்தில் மெழுகு பூசியிருந்தால் கூடிப்போன மெழுகாக இருக்கலாம், லேசாகச் சூடு காட்டித் துணியால் ஒற்றினால் போய்விடும்.

அறிகுறி: தலையிலும் தோளிலும் ஒட்டும் கறுப்பு

விரலால் தொட்டால் கறுப்பு விரலில் வருகிறது என்றால் அது உலோகம் கறுத்தது இல்லை, புகை. ஊதுவத்திப் புகையில் பிசினும் எண்ணெயும் இருக்கிறது. அது ஒட்டும் படலமாக அமர்ந்து, அதன் மேல் சாம்பலும் தூசியும் ஏறும். ஊதுவத்திச் சாம்பலுக்குக் காரத்தன்மை உண்டு, ஈரத்தையும் இழுக்கும். மடியில் சாம்பல் விழுந்து கிடக்கும் சிலையில் பச்சை சீக்கிரம் வருவது அதனால்தான்.

பூச்சோ வண்ணமோ இல்லாத சிலை என்றால் காய்ச்சி வடித்த நீரில் காரமில்லாத சோப்பு ஒரு துளி விட்டு, பிழிந்த துணியால் மேலிருந்து கீழே துடைத்து, வெறும் நீரில் பிழிந்த துணியால் மறுபடி துடைத்து, உடனே உலர்த்துங்கள். சிலையைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். உள்ளே களிமண் இருந்தால் அது மாதக்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொண்டு உள்ளிருந்து அரிக்கும். மெழுகுத்திரி வழிந்திருந்தால் சுரண்ட வேண்டாம். சூடு காட்டி இளக்கி, தாளால் ஒற்றி எடுங்கள்.

பிறகு ஊதுவத்தியின் இடத்தை மாற்றுங்கள். சிலைக்கு நேர் கீழே வைத்தால் புகை முகத்தில்தான் படியும். பக்கவாட்டில், ஒரு கை நீளம் தள்ளி வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அறிகுறி: செம்புச் சிலையில் இரும்புத் துரு

செம்பு இப்படித் துருப்பிடிக்காது. எங்கேயோ இரும்பு இருக்கிறது. மேனியின் நடுவில் கடுகளவு செம்பழுப்புப் புள்ளி என்றால், வார்ப்பின்போது உள்கருவைப் பிடித்து நிறுத்தப் போட்ட இரும்பு ஆணியின் முனையாக இருக்கலாம். பீடத்தில் என்றால் திருகாணி. விளிம்பெல்லாம் துரு, காந்தமும் ஒட்டுகிறது என்றால் இரும்பின் மேல் முலாம் பூசிய சிலை.

இரும்பும் செம்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் பலியாகும். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையில் இதுதான் பெரிய அளவில் நடந்தது. 2.4 மில்லிமீட்டர் செம்புத் தோல் 1886இலிருந்து தாக்குப்பிடித்தது, உள்ளே தாங்கிய இரும்புப் பட்டைகள் அரித்து வீங்கின. 1986இல் முடிந்த சீரமைப்பில் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். வீட்டுச் சிலைக்கும் அதே பாடம்: பீடத்தின் இரும்புத் திருகாணியைக் கழற்றிப் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஒன்று போடுங்கள். உள்ளே புதைந்த ஆணியை நோண்ட வேண்டாம். அந்தப் புள்ளியை உலர்வாக வைத்து, மேலே மெழுகு பூசி ஈரத்தைத் தடுத்தால் போதும்.

அறிகுறி: ஆடுகிறது, அல்லது அடித்தகடு கழன்றுவிட்டது

அடி விளிம்பு சமமாக இல்லாவிட்டால் மூன்று இடங்களில் மட்டும் சிறு தக்கைத் துண்டுகளை வையுங்கள். மூன்று புள்ளியில் நிற்கும் பொருள் ஆடாது, நான்காவது வைத்தால்தான் ஆட்டம் வரும். விளிம்பை அரத்தால் ராவிச் சமப்படுத்த வேண்டாம்.

அடித்தகடு கழன்றிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். திபெத்திய, நேபாள மரபில் பிரதிஷ்டை செய்த சிலைக்குள் மந்திரச் சுருள்களும் புனிதப் பொருட்களும் வைத்து, குறுக்கு வஜ்ரம் பொறித்த செம்புத் தகட்டால் மூடிவிடுவார்கள். ஆர்வத்தில் உள்ளே இருப்பதை உருவி எடுக்காதீர்கள். தகட்டை அதே இடத்தில் வைத்து, மெல்லிய பருத்தி நாடாவால் சுற்றிக் கட்டி, அந்த மரபை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சூப்பர் பசை ஊற்றி ஒட்டுவது பின்னால் யாரும் முறையாகத் திறந்து மூட முடியாதபடி செய்துவிடும்.

அறிகுறி: சிலைக்கு அடியில் மரத்திலோ துணியிலோ பச்சை வளையம்

சிலையின் அடியில் ஈரம் சிக்கியிருக்கிறது. பூ வைக்கும்போது சொட்டிய நீராக இருக்கலாம், குளிர்ந்த செம்பின் மேல் காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்ததாக இருக்கலாம். அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். ரப்பர் பாயிலும் கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு, செம்பைக் கறுக்கவைக்கும். ஓக் மரமும் ஒட்டுப்பலகையும் அமில ஆவியை விடும், மூடிய மாடத்துக்குள் என்றால் அது தேங்கி நிற்கும். அக்ரிலிக் தகடு ஒன்று போடுங்கள், அல்லது கஞ்சி இல்லாமல் துவைத்த பருத்தித் துணி. பூவும் நீர்க் கிண்ணமும் சிலையைத் தொடாத தூரத்தில் இருக்கட்டும். மடியில் வைத்த பூ வாடுவதற்குள் கறை விட்டுவிடும்.

அறிகுறி: சிலையில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் எதிரே உட்கார முடியவில்லை

இதையும் பழுது என்றே எடுத்துக்கொள்கிறேன். கண் கூசினால் விளக்கு உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து செம்பில் பட்டுத் திரும்பி வருகிறது. விளக்கை ஒரு பக்கமாக, சிலையின் கண் மட்டத்துக்குச் சற்று மேலே நகர்த்துங்கள். கூச்சம் போகும், முகத்தில் ஒரு பக்கம் நிழல் விழுந்து இமையும் உதடும் தெளிவாகும். சுடர் ஆடி முகம் மாறி மாறித் தெரிந்தால் காற்று வரும் வழியைப் பாருங்கள்.

முகம் தூங்குவது போலவோ முறைப்பது போலவோ தோன்றினால் உயரத்தை மாற்றுங்கள். தியான முத்திரைச் சிலைகளில் இமை பாதி மூடி, பார்வை கீழ்நோக்கிச் சரியும்படி செதுக்கியிருப்பார்கள். கீழே அமர்ந்து அண்ணாந்து பார்ப்பவருக்குத்தான் அந்தப் பார்வை கிடைக்கும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இருக்கையில் உட்கார்ந்து, உங்கள் கண் தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். சிலையின் முகம் அதற்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி பீடத்தை உயர்த்திப் பாருங்கள். போதாவிட்டால் இரண்டு விரல் உயரமாக ஏற்றியோ இறக்கியோ, ஒவ்வொரு உயரத்திலும் ஒரு முழு அமர்வு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.